தண்ணீர் குடிக்கச் சொன்ன நோன்பு

எல்லாவற்றையும் படைத்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறவன் பெயரைச் சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடை நோட்டில் மெத்தை அளவு எழுதுவதைத் தவிர வேறு எழுத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் செஞ்சிக் கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பாய், அந்த ஸ்கேன் எப்டி இருக்கும்? வலிக்குமா? உள்ள வெச்சி மூடிடுவாங்களா?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும். இன்றைக்கு நான் கடைக்கும் போகவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நாள் இது.

திருவண்ணாமலை போகிற ரோட்டில் எனக்கு மெத்தை, தலையணைக் கடை. வயது ஐம்பத்தெட்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தேன். அதை எடுத்துக்கொள்ள முடியாது என்று போன் வந்தது. ஹெபடைட்டிஸ் பி என்றார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் அது ஒரு வகை. சிலருக்கு வந்ததும் தெரியாது, போகவும் போகாது. கல்லீரலிலேயே குடியிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக வைத்துவிடும். தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை விழுப்புரத்தில் வயிற்று ஸ்கேன் என்று பழகிப்போனேன். ஒவ்வொரு தடவையும் "ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க" என்பார்கள்.

போன வருஷம் ரமலான் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஸ்கேன் எடுக்கிறவர் வயிற்றில் பசையைத் தடவி அந்தக் கருவியை உருட்டிக்கொண்டு வந்தார். வலது விலாவுக்குக் கீழே ஒரு இடத்தில் கை நின்றது. நகர்ந்தது. திரும்ப அங்கேயே வந்து நின்றது. அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மெத்தையைத் தடவிக்கொண்டு போகிறபோது ஒரே இடத்தில் கை இரண்டு தடவை நின்றால் அங்கே பஞ்சு கட்டி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். முப்பத்தைந்து வருஷம் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என் மருமகன் சலீம் வேனில் கூட்டிப் போனான். அவலூர்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். என் ஒரே மகள் ரிஸ்வானாவைக் கட்டியவன். என் மனைவி ஜைத்தூன் முன் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்கக் குர்ஆனிலிருந்து யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டு வந்தாள். அங்கே சாய ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் டாக்டர் ஒரு அம்மா. சின்ன வயதுதான். பொறுமையாகப் பேசுவார்.

"கல்லீரல்ல ஒரு நெல்லிக்காய் அளவு கட்டி இருக்கு ஐயா. புற்றா இருந்தா சாயம் வேகமா உள்ள போயி வேகமா வெளிய வரணும். உங்களுக்கு உள்ள போச்சு, வெளிய வந்தது தெளிவா இல்ல. அதனால ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல."

"அப்ப இன்னா டாக்டரம்மா பண்றது?"

"கல்லீரலுக்குள்ள ஊசி விட்டு ஒரு துணுக்கு சதை எடுத்துப் பார்க்கலாம். ஆனா உங்களுக்கு ரத்தம் உறையறது குறைவா இருக்கு, கசிவு ஆயிடும்னு பயம். அதோட, அபூர்வமா, ஊசி வெளிய வர்ற வழியில ரெண்டு செல்லை உதிர்த்துட்டு வந்துடும்."

"புரியுதுங்க. மெத்தை தைக்கிற கோணி ஊசியும் அப்டித்தான். உறைக்குள்ள பூந்து வெளிய வரச்சொல்லோ ஒரு பிசிறு பஞ்சையும் இழுத்துக்கினு வந்துடும்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இத்தன வருஷம் படிச்சு நான் சொல்றத நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க."

பிறகு பெட் ஸ்கேன் என்பதைச் சொன்னார். கல்லீரலில் ஊசியே போடாமல் பார்க்கிற வழி. கையில் ரத்தக் குழாய் வழியாக ஒரு வகைச் சர்க்கரையை ஏற்றுவார்கள். அதில் கொஞ்சம் கதிர்வீச்சு ஒட்டியிருக்கும். புற்றுநோய் செல்லுக்குப் பசி அதிகம். மற்ற செல்களைவிட அதிகமாகச் சர்க்கரையை இழுத்து வைத்துக்கொள்ளும். மெஷினில் படுத்தால் அந்த இடம் விளக்குப் போட்டது மாதிரி தெரியும். தலையிலிருந்து தொடை வரை ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.

"நமக்குத் தெரிய வேண்டியது ரெண்டே விஷயம்" என்றார். "அது புற்றா? புற்றுன்னா அங்க மட்டும்தானா? அங்க மட்டும்னா அந்தப் பகுதிய வெட்டி எடுத்துடலாம், பிழைச்சிக்குவீங்க. வேற இடத்துக்கும் போயிருந்தா வெட்டறதுல பிரயோஜனம் இல்ல."

நேருக்கு நேராகச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி. ஜைத்தூன் மட்டும் என் சட்டைக் கையைப் பிடித்தவள் வேன் வரைக்கும் விடவில்லை.

அடுத்த வாரம் ஸ்கேன் சென்டரில் நேரம் கொடுத்தார்கள். ஒரு பெண் சலீமுக்கு போன் செய்து, "ஃபாஸ்டிங்ல வந்துடுங்க, விவரம் எல்லாம் மெசேஜ்ல இருக்கு" என்றாளாம். மெசேஜ் முழுக்க இங்கிலீஷ். சலீம் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஃபாஸ்டிங்னா நோன்புதான மாமா. நோன்பா வரச் சொல்றாங்க."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஜைத்தூன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா, டாக்டருங்களே நோன்பு வெக்கச் சொல்றாங்க. அதுலயே பாதி ஷிஃபா கெடச்சிடும்" என்றாள். ஷிஃபா என்றால் நோய் தீர்வது. தானும் என்னோடு நோற்பதாகச் சொல்லிவிட்டாள்.

முதல் நாளே போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். நாலு மணிக்கு எழுந்து சஹர் செய்தோம். சஹர் என்பது நோன்பு தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் சாப்பிடுகிற சாப்பாடு. அவள் கட்டிக்கொண்டு வந்த தயிர் சோறு, இரண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சம்பழம். "பகல் பூரா தாங்கணும், இன்னும் கொஞ்சம்" என்று அள்ளி வைத்தாள். எனக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு; நோன்பு என்பதால் அந்த மாத்திரையும் போடவில்லை. நாலரைக்கு வாயைக் கொப்பளித்து நிய்யத் வைத்தேன். இன்றைய நோன்பை உனக்காக நோற்கிறேன் என்று மனதில் உறுதி எடுத்துக்கொள்வதுதான் நிய்யத். அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

எட்டு மணிக்கு ஸ்கேன் சென்டரில் இருந்தோம். ஏ.சி. குளிர். சுவரோரம் வரிசையாகத் தலையில் முடி இல்லாத பிள்ளைகள், பெண்கள், மூக்கில் குழாய் போட்ட ஒரு பெரியவர். யாரும் யாரையும் ஏன் வந்தீர்கள் என்று கேட்பதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பதே பதில்.

ஒரு சிஸ்டர் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இத முழுசா குடிச்சிடுங்க ஐயா."

"நான் நோன்பும்மா."

"தெரியும், எல்லாரும் ஃபாஸ்டிங்தான். தண்ணி குடிங்க."

"நோன்புல எப்டிம்மா தண்ணி குடிக்கிறது?"

சிஸ்டர் என் தொப்பியைப் பார்த்தார். அப்புறம் ஜைத்தூனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ புரிந்தது மாதிரி இருந்தது. "ஐயா, கடைசியா எப்ப சாப்டீங்க?"

"சஹர்லதான்."

"சஹர்னா எப்ப?"

"நாலரைக்கு முடிச்சோம். தயிர் சோறு."

"வாழப்பழம், பேரீச்சம்பழம்" என்று ஜைத்தூன் சேர்த்துச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று.

சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ராத்திரி சாப்டதோட நிறுத்தணும் ஐயா, தண்ணி மட்டும் நிறைய குடிக்கணும். நீங்க அப்படியே தலைகீழா பண்ணிட்டு வந்துருக்கீங்க!" விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை இருநூற்று ஐம்பதைத் தாண்டி நின்றது. ஏற்கனவே ரத்தம் முழுக்கச் சர்க்கரை இருந்தால், இவர்கள் ஏற்றுகிற சர்க்கரைக்கு செல்லில் இடம் கிடைக்காதாம். படம் தெளிவாக வராது.

சலீம் அப்போதுதான் போனைத் திறந்து மெசேஜை முழுக்கப் படித்தான். படிக்கப் படிக்க அவன் காது சிவந்தது. "தண்ணி குடிக்கலாம்னு ரெண்டாவது வரியிலேயே போட்டிருக்குது மாமா" என்றான். அவனை நான் என்ன சொல்ல? போன் விற்கிறவன், போனைப் படிக்கவில்லை. அவ்வளவுதான்.

அங்கிருந்த டாக்டர் வந்தார். மருந்தைக் காலையில் வேறொரு இடத்தில் செய்து வண்டியில் கொண்டுவருகிறார்களாம். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் பாதியாகிவிடுமாம், பத்திரப்படுத்தி வைக்க முடியாது. "ரெண்டு மணிக்கு இன்னொரு வண்டி வருது. அதுக்குள்ள நிறைய தண்ணி குடிச்சு, அசையாம உட்கார்ந்திருந்து சுகர் இறங்கினா இன்னைக்கே பண்ணிடலாம். இல்லன்னா அடுத்த தேதி எப்ப கிடைக்கும்னு சொல்ல முடியாது."

பாட்டில் என் மடியில் இருந்தது. ஏழு வயதிலிருந்து நோன்பு வைக்கிறேன். காய்ச்சலில்கூட விட்டதில்லை. நான் கெட்டியானவன் என்று சொல்லவில்லை, பழக்கம் அப்படி. நிய்யத் வைத்த நோன்பைப் பகல் வெளிச்சத்தில் பத்துப் பேர் பார்க்க முறிப்பதா என்று மூடியைத் திருகாமல் வைத்திருந்தேன். ஜைத்தூனைப் பார்த்தேன்.

"குடிங்க" என்றாள்.

"நிய்யத் வெச்சிட்டேனே."

"ஒடம்புக்கு முடியாதவனுக்குப் படைச்சவனே விட்டுக் குடுத்திருக்கான். உங்களுக்கு இன்னா அவன விட அதிகமா தெரியுமா? குடிங்க. உங்களுக்கும் சேத்து நான் வெச்சிருக்கேன்."

பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தேன். வெறும் தண்ணீர் தொண்டையில் அப்படி ஒரு கசப்பாக இறங்கியது எனக்கு அன்றுதான். அந்த ஒரு லிட்டரையும் குடித்து இன்னொரு பாட்டிலும் குடித்தேன். அவள் எதிர் நாற்காலியில் உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்குச் சர்க்கரை நூற்று நாற்பதுக்கு இறங்கியது.

இனிமேல் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வலி என்று ஒன்றும் இல்லை. கையில் ஒரு ஊசி, அவ்வளவுதான். ஊசி போட்டவுடன் தடித்த சுவர் வைத்த ஒரு சின்ன அறையில் ஒரு மணி நேரம் தனியாக விட்டுவிடுவார்கள். பேசக் கூடாது, நடக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. எந்தத் தசை வேலை செய்தாலும் அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். நான் எண்ணி எண்ணி ஓதுகிற தஸ்பீஹ் மணியை எடுத்தேன். "விரலையும் சும்மா வைங்க ஐயா" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. மணி இல்லாமல், உதடு அசையாமல், உள்ளுக்குள்ளேயே அவன் பெயரைச் சொன்னேன். எத்தனை என்று எண்ணவில்லை. அப்படி எண்ணாமல் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்புறம் மெஷின். பெரிய வளையல் மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் திறந்திருக்கும். மூடிவிட மாட்டார்கள். இருபது நிமிஷம் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருக்க வேண்டும், தோள்தான் வலிக்கும்.

வேனில் திரும்பினோம். மதுராந்தகம் தாண்டியபோது சூரியன் மறைந்து மக்ரிப் நேரம். சலீம் ஓரமாக நிறுத்தினான். சென்டரில் கொடுத்த அந்த பாட்டிலில் மீந்திருந்த தண்ணீரில் ஜைத்தூன் நோன்பு திறந்தாள். நான் பின் சீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு ரிஸ்வானா வந்திருந்தாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். அன்று ராத்திரி வரை கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது என்று சென்டரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடம்பிலிருந்து கதிர் கொஞ்சம் வெளியே வருமாம். நான் வாசலிலேயே நின்றேன், அவள் கூடத்தின் கடைசியில் சுவரை ஒட்டி நின்றாள்.

"அத்தா, சாப்டியா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"சாப்டேன்டி. நீ உள்ள போ."

"உனக்குப் புடிச்ச ஆட்டுக்கால் சூப்பு வெச்சிருக்கேன். நான் உள்ள போய்ட்டப்புறம் வந்து குடி."

மகளுக்கும் எனக்கும் நடுவில் பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடிதான் அந்த நோயில் எனக்கு முதன்முதலாகக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது.

மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் சலீம் போனுக்கு வந்தது. இந்தத் தடவை ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தான். எங்கேயும் சர்க்கரை அதிகமாகச் சேரவில்லை, எந்த இடமும் ஒளிரவில்லை என்று இருந்தது. "ஒண்ணுமே இல்ல மாமா!" என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் கூடத்திலேயே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தேன். ஜைத்தூன் அழுதுகொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். ரவையும் பாலும் முட்டையும் நெய்யும் போட்டு மேலும் கீழும் நெருப்பு வைத்துச் செய்கிற தம்ரூட் என்ற இனிப்பு, அவள் செய்தால் தெரு முழுக்க மணக்கும். நாற்பது வீட்டுக்குக் கொடுத்தாள். பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் குடம் விற்கிற எல்லப்பன் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு, "பாய், வருஷத்துக்கு ஒரு தபா இப்டி பயங்காட்டுங்க, எங்களுக்கும் இனிப்பு கெடைக்கும்" என்றார்.

அந்த வாரம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். ஒரு டப்பாவில் தம்ரூட்டும் கொண்டுபோனோம். அவர் டப்பாவைத் திறக்கவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சந்தோஷப்படற விஷயம்தான், ஆனா இத வெச்சு முடிவு பண்ண முடியாது ஐயா" என்றார்.

கல்லீரல் புற்றில் ஒரு ரகம் உண்டாம். அது நல்ல கல்லீரல் செல் மாதிரியே நடந்துகொள்ளும். நல்ல கல்லீரல் சர்க்கரையை வாங்கும், திரும்ப வெளியே விட்டுவிடும். அந்த ரகப் புற்றும் அதையே செய்யும். அதனால் சுற்றி இருக்கிற கல்லீரலும் கட்டியும் ஒரே நிறமாகத் தெரியும். விளக்கு எரியவில்லை என்பதால் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

"இலவம் பஞ்சுல பருத்திப் பஞ்சக் கலந்தா கண்ணுக்குத் தெரியாதுங்க, கைய வெச்சாத்தான் தெரியும்" என்றேன். எங்கிருந்து பேச்சு வந்தது என்று தெரியவில்லை.

"அந்தக் கை மாதிரிதான் இன்னொரு மருந்து இருக்கு. அது சர்க்கரை இல்ல. கட்டி தனக்குன்னு புதுசா ரத்தக் குழாய் இழுத்துக்கும் இல்லையா, அதுல போய் ஒட்டிக்கும். ஆண்களுக்கு வர்ற வேற ஒரு புற்றுக்காக வந்த மருந்து அது. கல்லீரலுக்கும் சில பேருக்குத் துல்லியமா காட்டுது. அத ஒரு தடவ பார்த்துடலாம்."

திரும்புகிற வழி முழுக்க ஜைத்தூன் ஓதவில்லை. திண்டிவனம் வந்ததும்தான் பேசினாள். "நாப்பது வீட்டுக்குக் குடுத்தேனே. இப்ப இன்னான்னு சொல்லுவேன் அவங்ககிட்ட?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் கிடக்கட்டும். இல்லாத ஒன்றுக்கா நான் சஜ்தா செய்தேன்? அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொன்னது சொன்னதுதான். நன்றிய யாராவது திருப்பி வாங்குவாங்களா? அவன்கிட்ட போனது அவன்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, இனிமே ஆஸ்பத்திரி சேதிக்கு நான் அடுப்புல இனிப்பு ஏத்த மாட்டேன். எவ்ளோ நல்ல சேதியா இருந்தாலும் சரி."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் முறிந்த நோன்பைப் பற்றிக் கேட்டேன். "நிய்யத் வெச்சிட்டீங்கல்ல, அப்ப ஒரு களா இருக்குது பாய்" என்றார். விட்டுப்போன நோன்பைப் பிறகொரு நாள் நோற்று நிறைவேற்றுவதற்குப் பெயர் களா. "அவசரம் ஒண்ணும் இல்ல. ஒடம்பு தேறட்டும்" என்றும் சொன்னார். தேறும் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது ஸ்கேனுக்கு அதே சென்டர், அதே சிஸ்டர். முதல் நாளே அவரே போன் செய்தார். "ஐயா, நாளைக்கு ஃபாஸ்டிங் கிடையாது. நல்லா சாப்டுட்டு வாங்க."

"நெசமாவாம்மா?"

"நெசமாத்தான். இட்லி, தோச, எது வேணா. தண்ணியும் குடிங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சஹர் வேணாம், நாஷ்டா போதும்" என்றார்.

சாப்பிடச் சொன்னார்கள், எனக்குத்தான் இறங்கவில்லை. இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊசி, தனி அறை, மெஷின் எல்லாம் முன்போலத்தான். இந்தத் தடவை பயம் இல்லை, அலுப்புதான் இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்கிற மாதிரி ஒரு அலுப்பு. மெஷினுக்குள் படுத்தபடியே கொஞ்சம் தூங்கிவிட்டேன்.

டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். கல்லீரல் மங்கலாக இருந்தது. வலது பக்கம் ஒரு புள்ளி, குண்டு பல்பு மாதிரி.

"புற்றுதான்னு தோணுது ஐயா" என்றார். ஜைத்தூன் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா பாருங்க, நுரையீரல் சுத்தம். எலும்பு சுத்தம். கல்லீரல்லயே வேற இடத்துல இல்ல. ஒத்தையா இருக்கு. எடுத்துடலாம்."

அல்ஹம்துலில்லாஹ் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். புற்றுநோய் என்று சொன்னதற்கு நன்றி சொல்கிறவனை அவர் பார்த்திருக்க மாட்டார். இல்லை என்று நினைத்தபோது சஜ்தாவில் விழுந்து சொன்னேன். இருக்கிறது என்று தெரிந்தபோது சாதாரணமாகச் சொன்னேன். இந்த இரண்டாவதுதான் எனக்குள்ளிருந்து கனமாக வந்தது.

ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காப்பீட்டு அட்டை ஒரு பகுதியைத் தாங்கியது. மீதியை யார் யார் தாங்கினார்கள் என்பது அவர்களுக்கும் எனக்கும் தெரியும், அதை எழுதினால் வருத்தப்படுவார்கள். முதல் மூன்று நாள் ஞாபகமில்லை. அப்புறம் மூக்கில் குழாய், விலாவுக்குக் கீழே ஒரு குழாய், இருமினால் உயிர் போகிற வலி. இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் தந்த தலையணை ஸ்பாஞ்ச், அழுத்தினால் உள்ளே போய்விட்டது. சலீமை என் கடைக்கு அனுப்பிக் குழந்தைத் தலையணை ஒன்று, இலவம் பஞ்சு கெட்டியாக அடைத்தது, கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் பக்கத்துப் படுக்கைக்காரர், "எனக்கும் ஒண்ணு கெடைக்குமா பாய்?" என்றார். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் அந்த வார்டுக்கு ஆறு தலையணை போனது. படுத்துக்கொண்டே யாவாரம் பார்த்தவன் நான்தான் என்று எல்லப்பன் இன்றைக்கும் சொல்கிறார்.

ஜைத்தூன் பதினோரு நாளும் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். காலையில் எழுந்ததும் என் பாதத்தைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். அவளுக்குத் தெரியாமல் நான் விழித்திருப்பேன்.

வெட்டி எடுத்ததைச் சோதித்து, புற்றுதான், வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை என்றார்கள். நான் வீட்டுக்கு வந்த மறுநாள் ரிஸ்வானாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜைத்தூன் அதற்குத்தான் தெருவுக்குச் சர்க்கரை கொடுத்தாள், நான் தேறி வந்ததற்கு இல்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. கல்லீரல் தானே வளர்ந்துகொள்ளுமாம், வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆனால் பழைய பலம் இல்லை. மெத்தையைத் தூக்கிப் போட முடியவில்லை, ஒரு ஆள் வைத்திருக்கிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. திரும்ப வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவரோர நாற்காலி, அந்தக் குளிர். அடுத்த மாதமும் ஸ்கேன் இருக்கிறது. அது ரமலானுக்கு இரண்டு நாள் முந்தி வருகிறது.

ரமலானில் நோன்பு வைக்கலாமா என்று போன தடவை டாக்டரம்மாவைக் கேட்டேன். யோசித்தார். "ஒரு நாள் வெச்சுப் பாருங்க. வேலைக்குப் போகாம வீட்ல இருங்க. நடுவுல விரல்ல குத்திப் பாருங்க, ரொம்ப இறங்கினாலோ ஏறினாலோ உடனே விட்டுடணும். அப்படி ஒரு நாள் தாண்டினா மேல பேசலாம்."

அந்த ஒரு நாள் இன்று. எந்த நோன்பு என்று யோசிக்கவே இல்லை. விடியற்காலையில் நிய்யத் வைத்தபோது, அன்றைக்கு அந்த நாற்காலியில் முறித்த நோன்பு இது என்று சொல்லித்தான் வைத்தேன். பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் சலீம் விரலில் குத்திப் பார்த்தான். சரியாக இருந்தது. "இந்தத் தடவ டாக்டர் சொன்னத ஒரு வரி விடாம கேட்டுக்கினேன் மாமா" என்று அவனே தன்னைக் கிண்டல் செய்துகொண்டான். நாக்கு வறண்டுதான் இருக்கிறது. அந்த வறட்சி எனக்குத் தெரிந்த வறட்சி. ஆஸ்பத்திரியில் வந்தது வேறு.

சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்து மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் மூன்று பேரீச்சம்பழம். பேத்தி பாயில் கவிழ்ந்து படுத்து என் பேனாவைப் பிடிக்கப் பார்க்கிறாள்.

சற்று முன்னால் அடுப்பங்கரையிலிருந்து நெய்யும் ஏலக்காயும் மணத்தது. எட்டிப் பார்த்தேன். ஜைத்தூன் தம்ரூட் சட்டிக்கு மேல் கங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா இது? இனிமே செய்யவே மாட்டேன்னு சொன்னியே?"

"ஆஸ்பத்திரி சேதிக்குச் செய்ய மாட்டேன்னு சொன்னேன்." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது நோன்புக்கு. நாப்பது வீட்டுக்கும் சொல்லிட்டேன், வாங்கிக்கினு போகட்டும். போயி உக்காருங்க, இன்னும் நேரம் இருக்குது."

வந்து உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் கோட்டை மலைமேல் வெயில் இறங்குவது தெரிகிறது. பள்ளிவாசலில் பாங்கு இன்னும் சொல்லவில்லை. டம்ளரின் வெளிப்பக்கம் தண்ணீர் வேர்த்திருக்கிறது. இன்றைக்கு யாரும் என்னைக் குடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. நேரம் வரட்டும், நானே குடிக்கிறேன்.